நெஞ்சுவலிக்காரரிடம் கேட்ட இன்னொரு கேள்வி

போன மாதம், நான் இருந்த இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் புது இசிஜி மெஷின் வந்திருக்கிறதாம். நெஞ்சுப் படம் எடுத்து முடித்த கையோடு, சரியா கோளாறா என்று அதுவே கீழே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறதாம்.

"அக்கா, மெஷின் சரின்னு எழுதிருச்சு. ஆனா அந்த மனுசன் கட்டில்ல படுத்துக்கிட்டு அழுறாரு. நான் என்னக்கா செய்யணும்?"

"படத்தைக் கொண்டுபோய் டொக்டர்கிட்ட குடு. அழுததையும் சேத்துச் சொல்லு."

"அழுததையுமா?"

"ஆமா. அதையும்தான்."

ஏன் என்று அவள் கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிகிற காரியமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது அது அவளுக்கான கடிதத்தைவிட நீளமாகிவிட்டது.

நான் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினார். உயர்தரம் பாஸ் பண்ணி, கொழும்பில் பயிற்சி முடித்து, மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சுப் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம் அதே வேலை. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். நோயாளிகளின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. ஆளைப் படுக்க வைத்து, கைகால் நான்கிலும் கிளிப் மாட்டி, காறை எலும்பிலிருந்து கீழே விரலால் விலா எலும்புகளை எண்ணி, நாலாவது இடைவெளியில் மெஷினின் முதல் ரப்பர் குமிழை ஒட்ட வேண்டும். ஒரு விலா தள்ளிப் போனால் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும், இருக்கிற நோயை மறைத்துவிடும். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் இன்னொரு தொல்லை, குளிர். மழையில் நனைந்து வந்தவர் மேல்சட்டையைக் கழற்றியதும் நடுங்குவார். அந்த நடுக்கம் காகிதத்தில் கோடு நெடுக முள் முளைத்த மாதிரி விழும். அதனால் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் இரண்டு கம்பளியும் எப்போதும் என் அறையில் இருக்கும். கையைச் சூடாக்கிக்கொண்டுதான் நோயாளியைத் தொடுவேன். நடுக்கம் அடங்கும்வரை காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ஜனங்கள் பேசுவார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஐந்து நிமிடங்களில் கேட்டது.

ஆனால் கேட்டதை ஒருமுறை மிக மோசமாகப் பயன்படுத்தினேன்.

வேலையில் சேர்ந்து எட்டாவது வருடம் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலை, அறைக்கு வெளியே வாங்குப் பலகை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து பேச்சியம்மா என்று ஒருவர் வந்திருந்தார். கொழுந்து பறிப்பவர், ஐம்பது வயது இருக்காது. படம் எடுக்க எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை வாங்கும்போதே என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு மிஸ்ஸி. யோசன கூடிப்போச்சு. மக வெளிநாடு போயி ஏழு மாசமா ஒரு தகவலும் இல்ல. தூக்கமே இல்ல. பெருமூச்சாவே வருது."

யோசனை என்றால் எங்கள் ஆட்களிடம் வெறும் சிந்தனை இல்லை. கவலை, பயம், மனம் சாம்பிப் போவது எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், இவருக்கு மனசுதான் சரியில்லை, நெஞ்சில் ஒன்றும் இருக்காது என்று முடிவுகட்டி, அவருடைய துண்டைக் கடைசியில் வைத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகியவர்களை முதலில் கூப்பிட்டேன். பேச்சியம்மா சத்தம் போடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் துடைத்தது கண்ணீரை அல்ல, வியர்வையை. அந்தக் குளிரில் வியர்வை. கட்டிலில் படுக்க வைத்து நெற்றியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. காகிதம் வெளியே வர வரக் கோட்டிலேயே தெரிந்துவிட்டது. பெரிய மாரடைப்பு.

எங்கள் பெரிய டொக்டர் மாற்றலாகி வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். நாலு வார்த்தைத் தமிழ் தெரியும், அதையும் பாட்டு மாதிரி இழுத்துப் பேசுவார். கட்டிலின் கால்மாட்டில் நின்று நோயாளியோடு பேசி அவரை நான் பார்த்ததே இல்லை. ஒரு முக்காலியைத் தானே இழுத்து வந்து, தலைமாட்டில் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை இருப்பார். பின்னால் பத்துப் பேர் காத்து நின்றாலும் அவசரம் காட்டமாட்டார். தாதிமார் பொறுமையில்லாமல் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள்.

பேச்சியம்மாவுக்கு வேண்டியதைச் செய்து முடித்தபின் என் அறைக்கு வந்தார். பேச்சியம்மா எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். ஏன் கடைசியில் வைத்தேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. வீணாய்ப்போன படக் காகிதம் ஒன்றைத் திருப்பி, பென்சிலால் இரண்டு வட்டம் போட்டார்.

"இது மனம். இது இதயம். துக்கம் இருப்பவருக்கு மாரடைப்பு வராது என்று யார் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார். முதல் வட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஒரு அம்பு போட்டார். "மாதக்கணக்கில் மனம் விழுந்து கிடந்தால் உடம்பு எந்நேரமும் ஆபத்தில் இருப்பது போல ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கம் போகும், அழுத்தம் ஏறும், இரத்தக் குழாயின் உட்பக்கம் கெடும், இரத்தம் சுலபமாக உறையப் பார்க்கும். அந்த ஆள் சாப்பிடவும் மாட்டார், நடக்கவும் மாட்டார்." பிறகு இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு ஒரு அம்பு. "மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் நிறையப் பேருக்கு அதற்குப் பிறகு மனம் விழுந்துவிடுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் இதயத்துக்குத்தான் மறுபடியும் ஆபத்து."

காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து, யோசனை என்று சொல்லி வருகிறவர்களின் துண்டை நான் கீழே வைத்ததே இல்லை.

பேச்சியம்மா பிழைத்தார். பலவீனமான இதயத்தோடுதான், ஆனாலும் பல வருடம் கிளினிக்குக்கு வந்தார். மகளும் பிறகு திரும்பி வந்தாள். இருந்தும், அந்த வாங்கில் அவர் முகம் துடைத்துக்கொண்டிருந்தது எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

அடுத்தவர்தான் நான் சொல்ல வந்த ஆள்.

தங்கவேலுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. றொசல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இலையை வாட்டுகிற மாடியில் வேலை. கொழுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தே வாட்டம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாராம். அங்கேதான் ஒரு நாள் மூட்டையோடு சரிந்தார். எங்களிடம் கொண்டுவந்து, கண்டிக்கு அனுப்பி, அடைத்த குழாயைத் திறந்து, பத்து நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். மாதாமாதம் எங்கள் கிளினிக். படம் நன்றாக இருந்தது. தோட்டத்திலும் அவரை மாடியிலிருந்து இறக்கி, உட்கார்ந்து பார்க்கிற லேசான வேலை கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான் வரத் தொடங்கினார். கிளினிக் நாளுக்கு அல்ல, இடையில். நெஞ்சு வலிக்குது என்பார். படம் எடுப்பேன், மாற்றம் இருக்காது. இரத்தத்தில் பார்த்தால் மாற்றம் இருக்காது. இரண்டு மாதத்தில் நாலு தடவை. நாலாவது தடவை சிற்றூழியர் ஒருவர் என் காதுபடவே, "வந்துட்டாரு நம்ம மாப்பிள்ளை" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காதீர்கள் என்று சொல்லவுமில்லை.

தங்கவேலின் மனைவி இந்திராணி அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, எல்லாரும் நல்லாயிட்டாருன்னு சொல்றீங்க. இவரு போன மனுசனாத் திரும்பி வரல. வேற ஆளா வந்திருக்காரு. பேசுறதில்ல. தட்டுல போட்டது போட்டபடி இருக்கு. பேத்தி மடியில ஏறுனா எறக்கி வுட்டுர்றாரு."

"வேலைக்குப் போறாரா?"

"காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆளு கூப்புட்டா முகத்த மூடிக்கிட்டுப் படுத்துக்கிறாரு. உக்காந்து பாக்குற வேலை பொம்பளைக்குக் கூடக் குடுக்க மாட்டாங்கன்னு ஒரு நாள் சொன்னாரு. அதோட சரி."

இதைப் பெரிய டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்தேன். அன்று அவர் லீவு. மறுவாரம் சொல்லலாம் என்றிருந்தேன்.

மறுவாரத்துக்குள் தங்கவேல் ஐந்தாவது தடவையாக வந்தார். இந்தத் தடவை படத்தில் மாற்றம் இருந்தது. இதயத்துக்கு மறுபடியும் இரத்தம் போதாமல் போகிறது என்று கோடு சொன்னது. குமிழ்களைக் கழற்றிவிட்டு, அவருடைய சட்டையை எடுத்துக் கொடுக்கும்போது பையில் ஏதோ சரசரத்தது. மருந்துக் கவுண்டரில் கொடுக்கிற சின்னக் காகித உறைகள். நாலைந்து இருந்தன. ஒன்றிலும் ஸ்டேப்ளர் பின் கழற்றப்படவில்லை.

"இது என்னங்கய்யா? இந்த மாசத்து மாத்திரை எல்லாம் அப்படியே இருக்கு?"

அவர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்ல மாத்திரதான் மிஸ்ஸி. நீங்க எடுத்துக்கங்க. வாழ வேண்டிய ஆளு யாருக்காச்சும் குடுங்க."

கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வெற்றிலை இருந்தா எடுத்துக்கங்க என்று சொல்வது போலச் சொன்னார். நான் உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, நேராகப் பெரிய டொக்டரின் அறைக்குப் போனேன். உள்ளே வேறு ஆள் இருந்தார். அதைப் பார்க்காமல் நுழைந்தது அந்த ஒரு தடவைதான்.

தங்கவேலை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்து, இதயத்துக்கு வேண்டிய மருந்தெல்லாம் ஏற்றி, வலி அடங்கியபின் டொக்டர் முக்காலியை இழுத்துப் போட்டார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தோம்.

முதலில் தூக்கம் எப்படி என்று கேட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். கடந்த இரண்டு வாரமாக மனம் எப்படி இருக்கிறது, முன்பு பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா என்று கேட்டார். தங்கவேல் ஒரு சொல், இரண்டு சொல்லில் பதில் சொன்னார். டொக்டர் முக்காலியை இன்னும் கட்டிலருகே நகர்த்தினார். பிறகு என்னிடம் சிங்களத்தில், "சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேளுங்கள்" என்றார்.

படுத்திருக்கும் மனிதரிடம், அதுவும் என் அப்பா மாதிரி ஒரு தோட்டத்து மனிதரிடம், அதை எப்படிக் கேட்பது? கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே போட்டுவிடுவேனோ என்று பயம். "ரொம்ப மனசு வெறுத்துப் போச்சுங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க," என்றார்.

டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில் சாவு என்ற சொல்லும் இருந்திருக்கிறது.

"மிஸ், நான் கேட்டதை நீங்கள் கேட்கவில்லை."

"கேட்டா அவருக்கு அந்த யோசனையே வந்துடுமோன்னு பயமா இருக்கு சேர்."

"வராது. இருந்தால்தான் வெளியே வரும். இதைக் கேட்க ஒருவராவது வரமாட்டாரா என்று அவர் பல நாளாகப் படுத்திருக்கலாம். நான் சொன்னபடியே கேளுங்கள். மெதுவாக."

நான் குனிந்து கேட்டேன். "ஐயா, செத்துப் போயிரணும்னு நெனச்சீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமுவது கேட்டது. டொக்டர் அசையவில்லை. தங்கவேலின் கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

"நானா ஒண்ணும் செஞ்சுக்க மாட்டேன் மிஸ்ஸி. அவளுக்குப் பழி வந்துரும். மாத்திரையப் போடாம வுட்டா அதுவா நின்னு போகும். நெஞ்சு நோவுல செத்தான்னுதான் சொல்லுவாங்க. யாருக்கும் பழி இல்ல."

மொழிபெயர்த்தேன். டொக்டர் தங்கவேலின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் இழுவைத் தமிழிலேயே, "சொன்னது நல்லம். மிச்சம் நல்லம்," என்றார். அப்போதுதான் தங்கவேல் சத்தம் போட்டு அழுதார்.

பிறகு டொக்டர் சொன்னதை நான் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். இது கோழைத்தனம் அல்ல, மாரடைப்புக்குப் பின்னால் வருகிற நோய். இதற்கு மருந்து இருக்கிறது, பேசித் தீர்க்கிற வழியும் இருக்கிறது. இரண்டு நோயையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஒன்றை விட்டால் மற்றதும் ஆறாது.

சிக்கல் அடுத்த நாள் வந்தது. மனநல டொக்டரிடம் போக வேண்டும் என்றதும் தங்கவேல் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பைத்தியக்கார டொக்டர்கிட்டயா? அந்தக் கதவுக்குள்ள நான் போறத எங்க தோட்டத்து ஆளு ஒருத்தன் பாத்தாப் போதும். நான் பஸ்ஸுல ஏற முடியாது."

இந்திராணியும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அதே பயம்தான்.

பெரிய டொக்டர் வாதாடவில்லை. என் அறைக்கு வந்து நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார். "உங்கள் அறையில் பாதியைத் தருவீர்களா?" என்று கேட்டார். தந்தேன். நடுவில் திரை போட்டு, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வைத்தோம். மனநல டொக்டர் பர்ஸானா, ஹட்டன் பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், எங்கள் ஆட்கள் பேசுகிற தமிழிலேயே பேசுவார். வியாழக்கிழமை இதய கிளினிக் நடக்கும்போது அவர் அங்கே வந்து உட்கார ஒத்துக்கொண்டார். நெஞ்சுப் படம் எடுக்க வருகிற எல்லாரும் நுழைகிற அதே கதவு. வெளியே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

வாட்டில் இருந்த நாட்களில் அவரைத் தனியே விடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளை இந்திராணி கையில் கொடுத்து, எதிரே நின்று விழுங்க வைக்கச் சொன்னார்கள். மனதுக்கான மருந்து வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், முதலில் ஒன்றும் தெரியாது, நிறுத்திவிடக் கூடாது என்று பர்ஸானா இரண்டு பேரிடமும் சொன்னார். அப்படியேதான் நடந்தது. முதல் இரண்டு வியாழனும் திரைக்கு அந்தப் பக்கம் பர்ஸானாவின் குரல் மட்டும் கேட்டது. மூன்றாவதில் தங்கவேலின் குரலும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. குரல் வந்ததே எனக்குப் போதும்.

நடக்கச் சொன்னார்கள். அவர் நடக்கவில்லை. காரணம் ஒரு நாள் என்னிடம்தான் சொன்னார்.

"கொஞ்சம் ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிக்குது மிஸ்ஸி. அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சிச்சு. வெடிச்சிரும்னு உக்காந்துர்றேன்."

டொக்டரிடம் கேட்டேன். அவரும் வந்து நின்றார். முதலில் தங்கவேலைப் படுக்க வைத்து ஒரு படம் எடுத்தேன். பிறகு வாசற்படியில் நாலைந்து தடவை ஏறி இறங்கச் சொன்னோம், டொக்டரும் அவரோடு ஏறி இறங்கினார். உடனே இன்னொரு படம். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"பாருங்க ஐயா. இது படுத்திருந்தப்ப. இது ஏறி எறங்குனப்ப. கோட்டுல மலை கிட்டக்கிட்ட இருக்கு, அம்புட்டுதான். உருவம் மாறல. வேகமா அடிக்குது, சரியாத்தான் அடிக்குது."

அவர் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு, இரண்டு காகிதத்தையும் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அந்த வாரம் லயத்திலிருந்து கோயில்வரை நடந்தாராம். அடுத்த மாதம் ஸ்டோர்வரை.

முதல் நல்ல செய்தியை நாங்கள் தெரிந்துகொண்ட விதம் வேடிக்கையானது. ஒரு வியாழன் வெளியே பெரிய சத்தம். வரிசையில் நடுவே புகுந்த ஒருவரோடு தங்கவேல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஏன்யா, நாங்க எல்லாம் காலங்காத்தால வந்து தேயிலைச் செடி மாதிரி நிக்கிறோம், நீ மட்டும் தொரை மாதிரி உள்ள போறியா?" வாங்கே சிரித்தது. பர்ஸானா திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், கோவம் வந்திருச்சு," என்றார். பெரிய டொக்டரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். இரண்டு நோய்க்குமான மருந்துகள் தொடர்ந்தன. நடுவில் ஒரு மழைக்காலத்தில் பழையபடி இரண்டு வாரம் படுத்துக்கொண்டார். இந்திராணி காத்திருக்காமல் மறுநாளே அழைத்து வந்தார். திரும்பவும் எழுந்தார்.

அந்த மேசை பிறகு என் அறையிலிருந்து போகவே இல்லை. மாரடைப்பு வந்த எல்லாரிடமும் மனதைப் பற்றிக் கேட்பது எங்கள் கிளினிக்கின் வழக்கமாகிவிட்டது. கேட்கும் பொறுப்பு பெரும்பாலும் எனக்கு. ஆனால் நான் நன்றாகக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கடந்த இரண்டு வாரத்தில் சந்தோஷம் குறைவாக இருந்ததா என்று தமிழில் கேட்டால், "நமக்கு எப்ப மிஸ்ஸி சந்தோஷம் கூடுதலா இருந்திச்சு?" என்று சிரிப்பார்கள். ஆர்வம் என்று சொன்னால் பள்ளிக்கூடப் பேச்சு மாதிரி இருக்கும். இல்லை, இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, தங்கவேல் தன் கிளினிக் நாள் அல்லாத ஒரு வியாழன் வந்தார். என் அறைக்குள் நுழையும்போது இன்னொருவரைத் தோளைப் பிடித்து அழைத்து வந்தார். பெருமாள் என்று பெயர், அதே தோட்டம், நாற்பத்தைந்து வயது. மாரடைப்பு வந்து மூன்று மாதம். முகத்தில் தாடி. கண்ணைத் தூக்கவில்லை.

பெருமாளைப் படுக்க வைத்தேன். நடுக்கம் அடங்கக் காத்திருந்தேன். படம் நன்றாக வந்தது. பிறகு என் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். மனசு எப்படி இருக்கு? இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு. எதுலயும் விருப்பமில்லாம இருக்கா? இல்லீங்க.

தங்கவேல் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் கேக்கட்டுமா மிஸ்ஸி?" என்றார்.

தலையாட்டினேன். அவர் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து குனிந்தார்.

"பெருமாளு, காலையில முழிப்பு வந்ததும், ஏன்டா விடிஞ்சிச்சுன்னு இருக்குதாடா?"

பெருமாள் முதன்முறையாகக் கண்ணைத் தூக்கினார்.

"தெனமும்ண்ணே," என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இருந்திச்சு. எழுந்திரு. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு டொக்டரம்மா இருக்காங்க. இதையே அவங்ககிட்ட சொல்லு. நான் வெளிய வாங்குல உக்காந்திருக்கேன். நீ வர்ற வரைக்கும் போக மாட்டேன்."

பெருமாள் சட்டையைப் போட்டுக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போனார். நான் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, தங்கவேல் கேட்ட கேள்வியை அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொண்டேன். ஓய்வு பெறும் நாள்வரை அதைத்தான் கேட்டேன்.